பாண்டு எழுதி வெளியே வந்த பிறகு: நன்னடத்தைக் கண்காணிப்பின் படிகள்

குற்றவாளி என்று தீர்ப்பு சொன்ன நீதிமன்றமே, "ஜெயிலுக்கு அனுப்பவில்லை, ஒழுங்காக இருந்து காட்டு" என்று ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியும். அதற்கான சட்டம் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இதை 'பிஓ ஆக்ட்' என்பார்கள். அதன்படி ஆளைக் கவனிக்க நியமிக்கப்படுபவர் நன்னடத்தை அலுவலர். பேச்சில் அவரும் 'பிஓ'தான்.

வெளியே வந்தவரும் அவர் வீட்டாரும் முதலில் கேட்பது, "இனி எவ்வளவு நாள், எவ்வளவு கெடுபிடி?" என்பதுதான். ஒரே குற்றத்துக்கு ஒருவரை எச்சரித்ததோடு விட்டிருப்பார்கள், இன்னொருவர் மாதாமாதம் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போடுவார், மூன்றாமவருக்குக் குடிக்கக் கூடாது, இன்ன ஊரில்தான் இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், இது எது இல்லை

வழக்கு நடக்கும்போதே ஜாமீனில் வந்து, தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவது 'கண்டிஷன் பெயில்'. அப்போது குற்றம் நிரூபணமாகவில்லை. போலீசார் பழைய 107, 110 பிரிவுகளில் (இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 129) நிர்வாக நடுவர் முன் நிறுத்தி எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணை வேறு. அது இனிமேல் தப்பு நடக்காமல் தடுப்பதற்காக வாங்குவது, அதற்குத் தண்டனைத் தீர்ப்பு தேவையில்லை. பரோல் என்பது ஏற்கெனவே சிறைக்குள் இருப்பவர் விடுப்பில் வருவது. அதற்கான விசாரணைக்கும் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.

இங்கே பேசுவது நீதிமன்றம் குற்றம் நிரூபணம் என்று சொன்ன பிறகு, தண்டனை விதிக்கும் முன் எடுக்கும் முடிவைப் பற்றி. அந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியமாக வரும்.

படி என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா?

நேராக எழுதவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆளை எடை போட்டு, குறைந்த கண்காணிப்பு, நடுத்தரம், அதிகபட்சம், தீவிரம் என்று வகை பிரிக்கிறார்கள். பழைய வழக்குகள், வேலை, வீடு, போதைப் பழக்கம், சேர்க்கை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகைக்கு ஏற்ப வகை முடிவாகும். கீழ்ப்படியில் இருப்பவர் எப்போதாவது தகவல் கொடுத்தால் போதும். மேல்படியில் இருப்பவருக்கு அடிக்கடி சந்திப்பு, சொல்லாமல் வீட்டுக்கு வருவது, சிறுநீர்ப் பரிசோதனை, கணுக்காலில் மின்னணுப் பட்டை வரை உண்டு. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காக இருந்தால் ஒரு படி இறக்குவார்கள், தவறினால் ஏற்றுவார்கள்.

நம்மூரில் அப்படி முதல் நிலை, இரண்டாம் நிலை என்று யாருக்கும் முத்திரை குத்துவதில்லை. எந்தப் பிரிவில் விடுதலை, மேற்பார்வை ஆணை உண்டா இல்லையா, கூடுதல் நிபந்தனைகள் என்னென்ன என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது தெரியும். அதனால் ஆணை நகலைக் கையில் வாங்கிப் படிக்காமல், "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது ஆபத்து.

அடிப்படி: எச்சரித்து விடுதல்

சட்டத்தின் பிரிவு 3. திருட்டு, வீட்டில் திருட்டு, வேலைக்காரர் முதலாளியிடம் திருடுவது, இறந்தவர் சொத்தைக் கையாடுவது, மோசடி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379, 380, 381, 404, 420) ஆகியவற்றுக்கும், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறையோ அபராதமோ உள்ள எந்தக் குற்றத்துக்கும் இது பொருந்தும். முன்பு தண்டனை பெற்றதாக நிரூபணம் ஆகியிருக்கக் கூடாது. குற்றத்தின் தன்மையையும் ஆளின் குணத்தையும் பார்த்து, நீதிமன்றம் எச்சரித்து அனுப்பிவிடும். பாண்டு கிடையாது, ஜாமீன்தாரர் கிடையாது, அலுவலரும் கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் ஒருவர், முதலாளி வைத்திருந்த வெள்ளியில் கொஞ்சம் திருடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை, வெள்ளி திரும்பக் கிடைத்துவிட்டது, ஆள் குடும்பஸ்தர். பிரிவு 3 கேட்க இது பொருத்தமான வழக்கு. ஆனால் "சும்மா விட்டுட்டாங்க" என்று நினைக்கக் கூடாது. அதே பிரிவின் விளக்கம், இப்படி விடப்பட்டதையும் அடுத்த முறைக்கு 'முந்தைய தண்டனை'யாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதாவது இந்தச் சலுகை ஒருவருக்கு ஒரு தடவைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், 5000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை என்று வைத்திருக்கிறார்கள். அதை நன்னடத்தை விடுதலையின் ஒரு படி என்று சிலர் எழுதுகிறார்கள். சமூக சேவை ஒரு தண்டனை, சம்பளமில்லாத வேலை. நன்னடத்தை விடுதலையிலோ தண்டனையே விதிக்கப்படுவதில்லை.

இரண்டாம் படி: பாண்டு மட்டும்

பிரிவு 4-இன் முதல் உட்பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், நீதிமன்றம் தண்டனையை உடனே விதிக்காமல், "கூப்பிடும்போது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்வேன், அதுவரை அமைதியாக, நல்ல நடத்தையோடு இருப்பேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஜாமீன்தாரர் வேண்டுமா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் விருப்பம்.

இந்தப் படியில் அலுவலர் வீட்டுக்கு வர மாட்டார். யாரும் மாதம் ஒருமுறை கூப்பிட மாட்டார்கள். அதனாலேயே பலர் மறந்துபோகிறார்கள். இரண்டாம் வருடம் கோயில் திருவிழாவில் கைகலப்பு, புது வழக்கு, பழைய கோப்பு வெளியே வருகிறது. அப்போதுதான் பாண்டு எழுதியது ஞாபகத்துக்கு வரும்.

ஜாமீன்தாரர் இருந்தால் உண்மையான கண்காணிப்பு அவருடையதுதான். தொகை கட்ட வேண்டிவருமே என்ற பயத்தில் மாமனோ சித்தப்பாவோ போடும் அதட்டலுக்கு இருக்கும் பலம் எந்த ரிஜிஸ்டருக்கும் இல்லை. ஜாமீன்தாரரிடம் கேட்கும் காகிதங்கள் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, புகைப்படம் ஆகியவற்றை எடுத்துப் போவது நல்லது.

பிரிவு 4-இல் ஒரு நிபந்தனை உண்டு. குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ அந்த நீதிமன்ற எல்லையிலோ, பாண்டு காலத்தில் குற்றவாளி இருக்கப்போகும் இடத்திலோ நிலையான வீடு அல்லது நிரந்தரமான தொழில் இருக்கிறது என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். ஏற்காட்டில் இது சிக்கலாகும். காபி எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவர் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்காது. பழம் பறிக்கும் சீசன் முடிந்தால் வேறு எஸ்டேட்டுக்கோ திருப்பூருக்கோ போய்விடுவார்கள். இப்படிப்பட்டவர்கள் எஸ்டேட் நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் வேலைச் சான்று, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை இவற்றோடு, சொந்த வீடு உள்ள ஜாமீன்தாரர் ஒருவரையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். சட்டம் 'குற்றவாளிக்கோ அல்லது ஜாமீன்தாரருக்கோ' என்றுதான் சொல்கிறது. நாகலூரில் சொந்தக் காடும் வீடும் உள்ள பெரியப்பா வந்து நின்றால் போதும்.

மூன்றாம் படி: அலுவலர் மேற்பார்வை

மேற்பார்வை என்று நாம் நினைப்பது இந்தப் படியில்தான் தொடங்குகிறது. பிரிவு 4-இன் மூன்றாம் உட்பிரிவில், ஆளுக்கும் ஊருக்கும் நல்லது என்று நீதிமன்றம் நினைத்தால், பாண்டோடு மேற்பார்வை ஆணையும் போடும். ஆணையில் அலுவலரின் பெயர் இருக்கும். காலம் குறைந்தது ஓர் ஆண்டு, அதற்குக் கீழே போட முடியாது. நிபந்தனைகளை நீதிமன்றம் விளக்கிச் சொல்லி, குற்றவாளிக்கும், ஜாமீன்தாரர் இருந்தால் அவருக்கும், அலுவலருக்கும் ஆளுக்கொரு நகல் உடனே கொடுக்க வேண்டும். நகல் வாங்காமல் வளாகத்தை விட்டு வெளியே வராதீர்கள். பிறகு அலைவது நாமாக இருக்கும்.

வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. ஆணையிலும் அலுவலர் சொல்வதிலும்தான் அது முடிவாகும். பொதுவாக ஆரம்பத்தில் சந்திப்பு அடிக்கடி இருக்கும், நம்பிக்கை வர வர இடைவெளி கூடும். ஒரு சந்திப்பில் நடப்பது இவ்வளவுதான்: வருகையைப் பதிவு செய்வார்கள். வேலை இருக்கிறதா, எங்கே, யாரிடம், கூலி எவ்வளவு, வீட்டில் யார் யார், கடன் தொந்தரவு உண்டா, குடி எப்படி, பழைய கூட்டாளிகளோடு பழக்கம் தொடர்கிறதா, இழப்பீடு கட்டச் சொல்லியிருந்தால் எவ்வளவு கட்டியாயிற்று என்று கேட்பார். இடையில் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் வந்து பார்ப்பார்.

அலுவலரை இன்னொரு போலீஸ்காரராக நினைப்பது பெரிய தவறு. பிரிவு 14 அவருக்குக் கொடுக்கும் வேலைகளில், தேவைப்பட்டால் வேலை தேடிக் கொடுப்பதும், இழப்பீட்டையும் செலவுத் தொகையையும் கட்ட ஆலோசனை சொல்லி உதவுவதும் இருக்கிறது. வேலை போய்விட்டது என்று மறைக்கிறவர், உதவி கிடைக்கக்கூடிய ஒரே அலுவலகத்தில் பொய் சொல்கிறார். மறைத்த விஷயம் வீட்டு விசாரணையில் தெரிந்துபோனால், அடுத்த அறிக்கையின் தொனியே மாறிவிடும்.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். உள் கிராமம் என்றால் அதற்கு முன் ஏற்காடு வரைக்கும் ஒரு பயணம். ஒரு சந்திப்பு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பறிப்புக் காலத்தில் அது குடும்பத்துக்கே வலிக்கும். இதை ஆணை போடும் முன்பே வக்கீல் மூலம் நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும். மலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை போதும் என்று கேட்பதில் தப்பில்லை. ஆணை வந்த பின் முடியாமல் தவறவிடுவதுதான் தப்பு. மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை மூடினால், குப்பனூர் வழியும் போக முடியாவிட்டால், அன்றைக்கே அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். மறுநாளோ பாதை திறந்ததும் முதல் பஸ்ஸிலோ போய்விட்டு, டிக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தவறிய சந்திப்பைவிட, காரணம் சொல்லாத தவறுதான் அறிக்கையில் கறுப்பாகத் தெரியும்.

நான்காம் படி: கூடுதல் நிபந்தனைகள்

மேற்பார்வை ஆணையோடு, எங்கே குடியிருக்க வேண்டும், போதைப் பொருள் தொடக் கூடாது, இன்னும் குற்றம் மறுபடி நடக்காமல் இருக்க என்ன தேவையோ அதெல்லாம் என்று நிபந்தனைகளைச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நம்மூரில் உண்மையான 'அதிகபட்சக் கண்காணிப்பு' என்றால் இதுதான்.

சேர்க்கும் ஒவ்வொரு நிபந்தனையும் மீறுவதற்கான ஒரு புது வாசல். கொண்டலாம்பட்டி தறிப்பட்டறையில் இரவு ஷிப்ட் ஓட்டுகிறவருக்கு 'இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது' என்று போட்டால், ஒன்று வேலை போகும், இல்லையென்றால் ஆணை மீறப்படும். வேலை போனால் அவர் மறுபடி தப்புச் செய்யும் வாய்ப்புத்தான் கூடும். எந்த நிபந்தனை யாருக்குப் பொருந்தும் என்று யோசிக்காமல் அள்ளிப் போடுவது கடுமை மாதிரித் தெரியும், பலன் வேறு மாதிரி இருக்கும்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில் தீவிரக் கண்காணிப்புத் திட்டங்களை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 14 இடங்களில் சோதித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். தீவிரக் கண்காணிப்பில் இருந்தவர்கள் புதுக் குற்றத்தில் குறைவாகக் கைதாகவில்லை. ஆனால் சந்திப்புக்கு வரவில்லை, பரிசோதனையில் தவறினார் போன்ற நிபந்தனை மீறல்கள் அதிகமாகப் பிடிபட்டு, அதனாலேயே அதிகம் பேர் சிறைக்குப் போனார்கள். சிகிச்சையும் உதவியும் சேர்ந்த இடங்களில்தான் கொஞ்சம் நல்ல அறிகுறி தெரிந்தது. ஆபத்துக் குறைவான ஆளைக் கெடுபிடியாகக் கண்காணித்தால் அவருடைய வேலையும் குடும்பமும் குலையும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. இது தெரிந்த வக்கீல், நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் "இது எதைத் தடுப்பதற்காக?" என்று நீதிமன்றத்தில் கேட்பார்.

குடிதான் பிரச்சினை என்றால் குடி நிபந்தனை பொருந்தும், அதோடு மறுவாழ்வு சிகிச்சைக்கு வழியும் வேண்டும். டாஸ்மாக் பக்கமே போகாதே என்று காகிதத்தில் எழுதிவிட்டு ஆளை அம்போ என்று விடுவது யாருக்கும் உதவாது.

படி எப்படி ஏறும், எப்படி இறங்கும்?

பிரிவு 8-இன்படி அலுவலர் மனுப் போட்டால் நீதிமன்றம் பாண்டின் காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிபந்தனைகளை மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம். ஆனால் கூட்டினாலும் முதல் ஆணைத் தேதியிலிருந்து மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. ஜூன் 10, 2025-இல் ஒன்றரை ஆண்டுக்கு ஆணை போட்டிருந்தால், எத்தனை முறை நீட்டினாலும் 2028 ஜூனோடு முடிந்தாக வேண்டும். மாற்றும் முன் குற்றவாளிக்கும் ஜாமீன்தாரருக்கும் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரர் புது நிபந்தனைக்குச் சம்மதிக்காவிட்டால் புது பாண்டு எழுத வேண்டியிருக்கும்.

இறங்கும் பக்கமும் உண்டு. இனி மேற்பார்வை தேவையில்லை என்று அலுவலர் மனுப் போட்டு நீதிமன்றமும் ஏற்றால், காலம் முடியும் முன்பே பாண்டை ரத்துச் செய்யலாம். இது தானாக நடக்காது. ஒழுங்காக இருப்பவர் பலர் இதைக் கேட்பதே இல்லை. வேலை நிலையாக இருக்கிறது, இழப்பீடு கட்டியாயிற்று, ஒரு சந்திப்பும் தவறவில்லை என்றால் அலுவலரிடம் வாய் திறந்து கேட்கலாம்.

மீறினால் பிரிவு 9. அலுவலர் அறிக்கை மூலமாகவோ வேறு வழியிலோ நிபந்தனை மீறல் தெரியவந்தால் நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பும். விசாரித்து மீறல் உறுதியானால் இரண்டு வழி. ஒன்று, முதல் குற்றத்துக்கான தண்டனையை இப்போது விதிப்பது. இரண்டு, முதல் மீறலாக இருந்தால் பாண்டு தொடரட்டும் என்று விட்டு, ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதம் போடுவது. 1958-இல் ஐம்பது ரூபாய் பெரிய காசு, இன்றைக்கு நாலு பேர் டீ வடைக்கே பற்றாது. தொகை சின்னது என்று கட்டாமல் விட்டால், சொன்ன கெடு தாண்டியதும் முதல் குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

முன்னால் சொன்ன வரிசை இங்கேதான் உதவும். 'தண்டனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனை இன்னும் விதிக்கப்படவே இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஏற்கெனவே முடிவான அளவு எதுவும் கிடையாது. மீறினால் நீதிமன்றம் அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள முழு வரம்புக்குள் எவ்வளவும் விதிக்கலாம். சாதாரணத் திருட்டுக்கு அது மூன்று ஆண்டு வரை.

21 வயதுக்குக் கீழே என்றால்

பிரிவு 6 இளைஞர்களுக்கான தனிப் பாதுகாப்பு. 21 வயது நிரம்பாதவர், ஆயுள் தண்டனை இல்லாத சிறைக் குற்றம் ஒன்றில் குற்றவாளி ஆனால், பிரிவு 3-உம் 4-உம் சரிப்படாது என்று திருப்தி அடைந்தால் ஒழிய நீதிமன்றம் சிறைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் காரணத்தை எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் வேண்டும். வயதை எந்தத் தேதியில் பார்ப்பது? குற்றம் நடந்த நாளில் இல்லை, விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று முடிவு செய்து தண்டனையைப் பற்றி யோசிக்கும் நாளில் என்று ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் சொல்லிவிட்டது. வாய்தா மேல் வாய்தா வாங்கி வழக்கை இழுத்து, பையன் 21-ஐத் தாண்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பும் கைநழுவும். பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றோ முன்பே கோப்பில் இருக்கட்டும்.

எஸ்டேட் களத்தில் காயவைத்த மிளகை இரண்டு மூட்டை தூக்கிய இருபது வயதுப் பையன் வழக்கில் இது எப்படி வேலை செய்யும்? குற்றம் நிரூபணம் என்று சொன்னதும் நீதிமன்றம் அறிக்கை கேட்கும். அலுவலர் மலையேறி லைன் வீட்டுக்கு வருவார். அம்மா அப்பாவிடம், மேஸ்திரியிடம், எஸ்டேட் ரைட்டரிடம், முடிந்தால் மிளகைப் பறிகொடுத்தவரிடமும் பேசுவார். படிப்பு எதுவரை, ஏன் நின்றது, எதற்காகத் திருடினான், விற்ற பணம் எங்கே போனது, இனி யார் பொறுப்பு என்று பார்ப்பார். குடும்பத்தார் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு, அலுவலருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சேலம் அம்மாபேட்டையில் உள்ள உறவினர் முகவரியைக் கொடுப்பது. அவர் அங்கே போய், "அவன் இங்கே இல்லைங்க" என்ற பதிலோடு திரும்பினால், நிலையான வீடு இல்லை என்று அறிக்கை எழுதப்படும். படி ஏறுவது இப்படித்தான், குற்றத்தின் கனத்தால் மட்டும் இல்லை.

அறிக்கை ரகசியமானது. ஆனால் அதன் சாரத்தை நீதிமன்றம் குற்றவாளியிடம் சொல்லி, பதில் ஆதாரம் கொடுக்க வாய்ப்புத் தரலாம் என்று பிரிவு 7 சொல்கிறது. தவறான தகவல் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் வக்கீல் இதைக் கேட்க வேண்டும். பிரிவு 5-இன்படி மிளகுக்காரருக்கு இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும்.

18 வயதுக்கும் கீழே என்றால் சட்டமே வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். தகவல் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் அலுவலர் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். அங்கே படிகள் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன: அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தை விடுதலை, தகுந்த நிறுவனத்தின் மேற்பார்வையில் நன்னடத்தை விடுதலை, கடைசியில் சிறப்பு இல்லம். நன்னடத்தை விடுதலைக்கு உச்ச வரம்பு மூன்று ஆண்டுதான். குழந்தையின் பெயரோ படமோ வெளியே வரக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் குற்றம்.

கதவே திறக்காத இடங்கள்

ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட குற்றவாளிக்கு இல்லை. போதைப் பொருள் சட்டத்தில் பெரும்பாலான குற்றங்களுக்கு, 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஒழிய, இல்லை. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: அஜாக்கிரதையாக ஓட்டி உயிர் போன வழக்குகளில் நன்னடத்தைச் சலுகையைச் சாதாரணமாக யோசிக்கவே கூடாது என்று தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொன்னது. "முதல் தடவைதானே, பாண்டு எழுதி விட்டுடுவாங்க" என்ற நம்பிக்கை அங்கே எடுபடாது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய இலவசச் சட்ட உதவி எண் 15100. தண்டனை பற்றிக் கேட்கும் கட்டத்தில் பிஓ ஆக்டைப் பற்றி வாயே திறக்காமல் வழக்கு முடிந்துபோவதும் நடக்கிறது. அதனால் "பிரிவு 3 அல்லது 4 கேளுங்கள், 21-க்குக் கீழே என்றால் பிரிவு 6" என்பதை வக்கீலிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

காலம் முடிந்த பிறகு

பிரிவு 12: நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு, தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. மீறி, பின்னால் முதல் குற்றத்துக்குத் தண்டனை வாங்கிக்கொண்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இதிலும் ஒரு சுருக்கு உண்டு. குற்றத் தீர்ப்பு அழிந்துவிடவில்லை. அரசு ஊழியராக இருந்தால், அந்த நடத்தைக்காகத் துறை தனியாக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதைப் பிரிவு 12 தடுக்காது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. வேலை விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா' என்று கேட்டிருந்தால் 'இல்லை' என்று எழுதாதீர்கள். உள்ளதை எழுதி, எந்தப் பிரிவில் விடப்பட்டார் என்பதையும் குறிப்பிடுங்கள். மறைத்ததற்காக வேலை போனால் பிரிவு 12 காப்பாற்றாது.

பாண்டு காலம் முடிந்ததும் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு, தீர்ப்பு, மேற்பார்வை ஆணை, காலத்தைக் குறைத்து உத்தரவு வந்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வரும்போது ஸ்டேஷன் பதிவேட்டில் பழைய வழக்கு எண் மட்டும் இருக்கும். அது எப்படி முடிந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.